டப்பாவைத் தொட்டவர்கள்

கோவில்பட்டி மெயின் ரோட்டை ஒட்டினாற்போல் இருக்கிற சண்முகவடிவு காம்ப்ளக்ஸில், ஆவணி மாசத்து முகூர்த்த நாள் ஒன்றில், ஜெராக்ஸ் கடை வேல்மயில் அண்ணாச்சி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டப்பாவை வாங்கிவந்து நெட்வொர்க் வயரில் சொருகினார். அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து அந்தக் கட்டடத்தில் ஒருத்தருக்கு வலித்தால் எல்லாருக்கும் வலித்தது. கேள்விப்படுகிறவர்கள் எல்லாம் எப்படி, எப்படி என்றுதான் துளைக்கிறார்கள். எப்படி என்று எனக்கென்ன தெரியும், நான் மூக்குக்கண்ணாடிக்கடை வைத்திருக்கிறவன். நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

காம்ப்ளக்ஸில் கீழும் மேலுமாகப் பதினோரு பன்னிரண்டு கடைகள். எல்லாக் கடையிலும் கம்ப்யூட்டர் உண்டு. எல்லாக் கம்ப்யூட்டரும் மாடிப்படிக்கு மேலே சுவரில் அறைந்திருக்கும் ஒரே ஸ்விட்ச் பெட்டிக்கு, ஒரு தாய் ஆட்டுக்குப் பல குட்டிகள் மாதிரி, வயரால் சேர்த்துக் கட்டப்பட்டவை. ஆனால் உருப்படியான பிரிண்டர் அண்ணாச்சி கடையில் மட்டும்தான். ஆளாளுக்குப் பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பதும், அந்தப் பென்டிரைவிலிருந்து வைரஸ் வந்து இறங்குவதும், அண்ணாச்சி தலையில் அடித்துக்கொள்வதுமாக நாள் போய்க்கொண்டிருந்தது. காம்ப்ளக்ஸிலேயே கடை வைத்து நெட்வொர்க் வேலை பார்க்கிற ஞானதுரைதான் வழி சொன்னார்.

"பிரிண்டருக்கும் நெட்வொர்க்குக்கும் நடுவுல ஒரு சின்ன டப்பா போட்டாப் போதும் அண்ணாச்சி. அதுக்குன்னு ஒரு அட்ரஸ் குடுத்துருவேன். அவரவர் கடையில உக்காந்தே பிரிண்ட் குடுத்துக்கிடலாம், உங்க கடை வாசல்ல ஒருத்தர் நிக்க மாட்டாங்க."

வேல்மயில் அண்ணாச்சி கடைக்கு விளக்குமாறு வாங்கினாலும் பஞ்சாங்கம் பார்க்கிற மனுஷன். இத்தனை கடையையும் சேர்த்து வைக்கிற சாமான் என்று ஞானதுரை சொன்னதும் அவருக்கு அது கல்யாணமாகவே பட்டுவிட்டது. தாம்பாளத்தில் மஞ்சள் அரிசி பரப்பி, தேங்காய் வைத்து, நடுவில் டப்பாவை வைத்து, டப்பாவுக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, தாலித் தட்டைச் சபையில் கொண்டுபோகிற மாதிரியே கடைகடையாக எடுத்துக்கொண்டு போனார். ஞானதுரை பின்னாலேயே போய், "லேன் வயர் சொருகுற ஓட்டையில மட்டும் சந்தனம் போயிராமப் பாத்துக்கிடுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். போட்டோ ஸ்டுடியோ சம்சுதீன் பாய் சிரித்துக்கொண்டே தொட்டார். ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிற ஜெனிட்டா கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டாள். மாடியில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கோமதிநாயகம் போனில் பேசிக்கொண்டே ஒரு விரலால் தொட்டார். நானும் தொட்டேன், ஞானதுரையும் தொட்டார், மற்றவர்களும் தொட்டார்கள்.

மாடிப்படிக்குக் கீழே கடை போட்டிருக்கிற பகவதியக்கா மட்டும் தொடவில்லை. டி.டி.பி. வேலை, முக்கால்வாசி கல்யாணப் பத்திரிகைதான். புருஷன் இறந்து பல வருஷம் ஆகிறது. தட்டு வருகிறதைப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். அண்ணாச்சி அவள் கடை வந்ததும் தரையில் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டே படியேறிப் போய்விட்டார். தாலித் தட்டை அப்படிப்பட்டவர்களிடம் நீட்டுகிற வழக்கம் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் அவரவர் கடைக்குள் திரும்பிவிட்டோம். அக்கா உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து டைப் அடிக்க ஆரம்பித்தாள்.

நல்ல நேரத்தில் டப்பாவைப் பிரிண்டருக்கு மேலே சுவரில் மாட்டி ஞானதுரை வயரைச் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது. பிரிண்டும் ஜோராகத்தான் வந்தது, குறை சொல்லக்கூடாது.

சாயங்காலம் கோமதிநாயகம் டீயை ஆறவிடாமல் வாயில் ஊற்றி நாக்கைச் சுட்டுக்கொண்டார். கீழே, பாஸ்போர்ட் போட்டோவுக்காக ஒரு பிள்ளையின் தாடையை நிமிர்த்திக்கொண்டிருந்த சம்சுதீன் பாய் நாக்கை நீட்டிக் கையால் விசிறினார். ஜெனிட்டா தண்ணீருக்கு ஓடினாள். நான் ஒரு பெரியவரை எழுத்து அட்டை வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தவன் "ஸ்ஸ்" என்றேன், அவரும் நான் எடுத்துக்கொடுத்த எழுத்து என்று நினைத்து மரியாதையாக "ஸ்ஸ்" என்று வாசித்தார். சுவரில் டப்பாவின் மஞ்சள் விளக்கு படபடவென்று மின்னி ஓய்ந்தது.

ஞானதுரை வந்து ஸ்டூல் போட்டு ஏறி உற்றுப் பார்த்தார். "மஞ்சள் மின்னுனா டேட்டா போகுதுன்னு அர்த்தம் அண்ணாச்சி."

"என்ன டேட்டா வே போகுது?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? ஏதோ போகுது."

அதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் காரணம் தேடவில்லை, பழகுகிற வேலைதான் பெரிதாக இருந்தது. ஒருத்தருடைய வலி அப்படியே இன்னொருத்தருக்கு வருவதில்லை, டப்பாவைத் தொட்டவர்களில் கட்டடத்துக்குள் இருக்கிற ஆட்களுக்குச் சரிபங்காகப் பிரிந்து வருகிறது, அதனால் வலித்தவருக்கும் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது என்பது முதல் வாரத்திலேயே விளங்கிவிட்டது. ஷட்டர் தாண்டி ரோட்டில் கால் வைத்துவிட்டால் அவரவர் வலி அவரவர்க்கு. கரண்ட் போனாலும் அப்படித்தான், அதனால் கம்ப்யூட்டருக்கெல்லாம் இல்லாத ஒரு யு.பி.எஸ். டப்பாவுக்கு வாங்கி வைக்கப்பட்டது.

மனுஷன் எதற்கும் பழகிவிடுகிறான், இதற்குப் பழகமாட்டானா? கால்மேல் கல் விழுந்தாலும் எங்களுக்கு எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது, அதைப் பார்த்து ரோட்டில் மூட்டை இறக்குகிற ஆளே பொறாமைப்பட்டார். அண்ணாச்சி கடைவாய்ப்பல்லைப் பிடுங்கப் பல் டாக்டரையே ஜெராக்ஸ் கடைக்கு வரவழைத்து, ஊசி வேண்டாமென்று ஸ்டைலாக உட்கார்ந்துகொண்டார். டாக்டர் பல்லை அசைக்க அசைக்க அவரவர் கடையில் அவரவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு வியாபாரம் பார்த்தோம். கோபம் வந்தால் மேஜையில் குத்துகிற பழக்கத்தை மாடியில் ஆபீஸ் வைத்திருக்கிற ஆடிட்டர் விட்டுவிட்டார், ஏனென்றால் குத்தின மறுநிமிஷம் நாலு பேர் கையை உதறிக்கொண்டு வந்து "என்ன சார் நினைச்சுக்கிட்டு இருக்கீங்க" என்று நின்றார்கள். மாசாமாசம் ஜெனிட்டாவுக்கு வயிற்றுவலி வருகிற நாட்களில் ஆம்பளைகள் அத்தனை பேரும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு பேச்சுமூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள், கோமதிநாயகம் ஒருமுறை மாடியிலிருந்து மெல்ல இறங்கி வந்து, "ஏ ஜெனிட்டா, இதுல ஒரு பங்கே இப்படி இருக்கே, நீ எப்படித்தாம்மா ரத்தம் எடுத்துக்கிட்டு நிக்கே?" என்று கேட்டுவிட்டு, சுடுதண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். பக்கத்து நகைக்கடை முதலாளி கால்வாதத்துக்காகத் தனக்கும் ஒரு வயர் இழுத்துத் தரச் சொல்லி ஆள்விட்டார். ஸ்விட்ச்சில் ஓட்டை காலியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

மாசியில் சம்சுதீன் பாய் நோன்பு பிடித்தபோது அவர் பசியும் பிரிந்து வந்தது. ஞானதுரை ஜெபக்கூட்டத்துக்குக்கூடப் போகாமல் சாயங்காலமானால் பாய் கடை வாசலில் நோன்புக்கஞ்சிக்குத் தூக்குவாளியோடு நின்றார். இதுவும் ஒரு வழக்கமாகிப் போனது.

பகவதியக்காவுக்கு வலி வந்தது அதற்கும் முன்னால், மார்கழியில். இடது கன்னத்தில், நரம்பு வலி. சும்மா இருக்கும், குளிர்காற்று பட்டாலோ, வாய் திறந்து பேசினாலோ, ஒரு பருக்கை சோற்றை மென்றாலோ, கரண்டுக்கம்பியைக் கன்னத்துக்குள் விட்ட மாதிரி பளீரென்று இழுக்கும். கடலைமிட்டாயை நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டே ஒரு மணி நேரத்தில் நாலு பத்திரிகை அடிக்கிறவள், துண்டால் கன்னத்தைச் சுற்றிக்கொண்டு ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தாள். வாடிக்கைக்காரர்களிடம் பேச வேண்டியதைக் கம்ப்யூட்டர் திரையிலேயே பெரிய எழுத்தில் அடித்துக் காட்டினாள். டாக்டர் கொடுத்த மாத்திரை தலையைச் சுற்றியது, மதுரையில் ஆபரேஷன் என்றார்கள், அதற்கும் உறுதி சொல்லவில்லை. தண்ணீராக எதையோ ஸ்ட்ரா வைத்து உறிஞ்சிக் குடித்தே உயிர் வைத்திருந்தாள். உடம்பு பாதியாகிவிட்டது.

அவள் கம்ப்யூட்டரும் அதே நெட்வொர்க்கில்தான் இருந்தது. எல்லா வயரும் அவள் தலைக்கு மேலேதான் போயின. அவள் கொடுக்கிற பிரிண்ட் அந்த டப்பா வழியாகவே வந்தது. வலி மட்டும் வரவில்லை. அவள் துண்டைக் கடித்துக்கொண்டு துடிக்கும்போதெல்லாம் எதிரே அண்ணாச்சி கடைச் சுவரில் மஞ்சள் விளக்கு அணைந்தே கிடந்தது. அதை அவளும் பார்த்தாள், நாங்களும் பார்த்தோம். ஏன் என்று எல்லாருக்கும் தெரியும்.

சம்சுதீன் பாய்தான் ஒருநாள் மொட்டைமாடியில் எல்லாரையும் கூட்டிப் பேச்செடுத்தார். "தாலித் தட்டு உங்க வழக்கம், என்கிட்ட நீட்டுனீங்க, தொட்டேன். அந்தப் பொம்பளைகிட்ட மட்டும் ஏன் நீட்டல?"

"நான் என்ன வேணும்னா விட்டேன்?" என்றார் அண்ணாச்சி. "காலாகாலமா உள்ள வழக்கம் பாய்."

இப்போது சேர்த்துக்கொள்ள முடியுமா என்று ஞானதுரையைக் கேட்டோம். "டப்பாவுல ஒரு சின்ன ஓட்டை இருக்கு. ஊக்கை விட்டு அமுக்கிப் பிடிச்சா எல்லாம் அழிஞ்சிரும். மறுபடி முதல்ல இருந்து தொட்டு, சொருகி, அட்ரஸ் குடுக்கணும். பிரிண்ட் வரும், அதுக்கு நான் கேரண்டி. மத்தது வருமா வராதான்னு நான் எப்படிச் சொல்ல?"

அங்கேதான் ஆளாளுக்கு யோசனை வந்தது. கோமதிநாயகத்துக்குச் சிறுநீரகத்தில் கல் உருண்டுகொண்டிருந்தது, அது விழுகிறவரை டப்பாவில் கை வைக்கக்கூடாது என்று கும்பிட்டார். ஆடிட்டர் மார்ச் கணக்கு முடியட்டும் என்றார். அண்ணாச்சிக்கு மகள் கல்யாணம் வைகாசியில். பாவம்தான், பார்க்கலாம், பார்த்துச் செய்யலாம் என்று சொல்லிக்கொண்டே எல்லாரும் கீழே இறங்கினோம். கீழே பகவதியக்கா துண்டைச் சுற்றிக்கொண்டு டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

கல் விழுகிற வழியாக இல்லை. கோமதிநாயகம் வீட்டில் வலி தாங்காமல் காலையிலேயே கோரைப்பாயும் கையுமாகக் காம்ப்ளக்ஸுக்கு வந்து ஜெராக்ஸ் கடை மூலையில் படுத்துவிடுவார். எல்லாரும் இருக்கிறவரை பேப்பர் வாசிப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒவ்வொரு ஷட்டராக இறங்க இறங்க அவருக்குப் பங்கு கூடும், முனகலும் கூடும். ஒவ்வொரு ஷட்டர் சத்தத்துக்கும் அந்தக் கடைக்காரரின் பெயரைச் சொல்லித் திட்டுவார். அதற்காக யாரும் சோறு தின்னாமல் இருக்கவில்லை.

பங்குனிக் கடைசியில் ஒருநாள், சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், அண்ணாச்சி தன் மகள் பத்திரிகையின் புரூஃப் பார்க்கப் பகவதியக்கா கடைக்குப் போனார். மணமகனின் தாய்மாமன் பெயர் விட்டுப்போயிருந்தது. அதை அவர் சுட்டிக்காட்ட, அக்கா பழக்கதோஷத்தில் வாய் திறந்து "சரி" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு அவள் தலை மேஜையில் போய் மோதியது. துண்டு வாயிலிருந்து நழுவ, சத்தம் வெளியே வராமல், கீபோர்டின் மேல் கன்னத்தை வைத்துத் துடித்தாள். திரையில் மகளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரே எழுத்து வரிவரியாக ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்தபடியே நின்றார். பிறகு நேராகத் தன் கடைக்குப் போய் டப்பாவின் வயரைப் பிடுங்கினார்.

பாயில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த கோமதிநாயகம் "ஐயோ" என்று உருண்டார். மாடியில் யாருக்கோ தலைவலி வந்தது, எனக்கு மறந்தே போயிருந்த முழங்கால் வலி வந்து உட்கார்ந்தது. அவரவர் வலியோடு எல்லாரும் படிக்குக் கீழே கூடிவிட்டோம். அண்ணாச்சி தாம்பாளத்தில் டப்பாவை வைத்து, சாமி படத்துக்கு முன்னால் இருந்த மஞ்சள் அரிசியை அள்ளிப் போட்டு, பகவதியக்கா முன்னால் கொண்டுவந்து நீட்டினார்.

"தொடு தாயி."

அக்கா நிமிர்ந்து தட்டைப் பார்த்தாள். தொடவில்லை. பேசினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் கன்னம் இழுத்தது, இழுத்து ஓய்கிறவரை கண்ணை மூடிக்கொண்டு, திறந்து அடுத்த சொல்லைச் சொன்னாள்.

"அன்னைக்கு... கையக் கழுவிட்டு நின்னேன். பாத்தீகள்ல?"

"பாத்தேன் தாயி."

"சுற்றமும் நட்பும் சூழ வருகன்னு... ஊர்ல பாதிப் பத்திரிகை... இந்தக் கை அடிச்சது. அதுக்கு ஆகும். தட்டுக்கு ஆகாது. இன்னைக்குப் பாவம் பாத்துக் கொண்டாரீக. பாவம் பாத்து... எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"என்ன செய்யணும், சொல்லு."

"தட்ட... என் கையில குடுங்க. நான் கொண்டுவாரேன். எல்லாரும்... என் கையில இருந்து தொடுங்க. முடியாதுன்னா... வயரச் சொருகிட்டு அவங்கவங்க ஜோலியப் பாருங்க."

தட்டை வாங்கிக்கொண்டு எழுந்தாள். தட்டிலிருந்து அரிசி சிந்தியது. சம்சுதீன் பாய் முதலில் தொட்டார். ஜெனிட்டா தொட்டாள், அழுதுகொண்டே தொட்டாள். நான், ஞானதுரை, ஆடிட்டர், மற்ற எல்லாரும். பாயில் கிடந்த கோமதிநாயகத்துக்கு முன்னால் அவள் குனிந்து நீட்ட, அவர் ரெண்டு கையாலும் அப்பினார். கடைசியாக வேல்மயில் அண்ணாச்சி முன்னால் போய் நின்றாள்.

அண்ணாச்சி கை பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. நெற்றியெல்லாம் வேர்வை. "மக கல்யாணம் வச்சிருக்கேன் தாயி" என்றார், சின்னப்பிள்ளை மாதிரி.

"தெரியும்" என்றாள் பகவதியக்கா. "நான்தான... அடிச்சேன். வைகாசி பன்னெண்டு."

தட்டை அவள் இறக்கவில்லை. இவர் கையும் நகரவில்லை. மூலையிலிருந்து கோமதிநாயகம், "வே வேல்மயிலு! உம்ம மக கல்யாணத்துக்கு நான் உசிரோட வரணுமா வேண்டாமா? தொட்டுத் தொலையும்வே!" என்று கத்தினார். அண்ணாச்சி காலில் கிடந்த செருப்பைக் கழற்றிவிட்டு, டப்பாவைத் தொட்டார். தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் தானும் தொட்டாள்.

ஜெனிட்டா கொடுத்த ஊக்கால் ஞானதுரை ஓட்டையில் அமுக்கிப் பிடித்தார். விளக்கெல்லாம் அணைந்தது. வயரைச் சொருகினார், தன் லேப்டாப்பில் எண்களைத் தட்டி அட்ரஸ் கொடுத்தார். பச்சை வந்தது. மஞ்சள் வரவில்லை. வரவே இல்லை. போச்சு என்று கோமதிநாயகம் முகத்தைப் பொத்திக்கொண்ட நேரத்தில் அது ஒருதடவை மின்னி, அப்புறம் விடாமல் எரிய ஆரம்பித்தது.

எத்தனையோ மாசமாகப் பல்வலியும் தலைவலியும் பங்கு போட்டுப் பழகின ஆட்கள்தான் நாங்கள். இது வந்தபோது ஒருத்தரும் நிற்கவில்லை. பன்னிரண்டில் ஒரு பங்குதான் வந்தது. அதற்கே ஆடிட்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு வழுக்கிக் கீழே உட்கார்ந்தார், பாய் அல்லா என்றார், என் கண்ணிலிருந்து தண்ணீர் தானாக ஊற்றியது. அண்ணாச்சி இடது கன்னத்தை அழுத்திக்கொண்டு தரையில் முழங்காலிட்டு, "இதையா தாயி... இதையா இத்தனை நாளு தனியா" என்று ஏங்கி ஏங்கி அழுதார்.

பகவதியக்கா துண்டை அவிழ்த்தாள். தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தாள். வாயை அகலமாகத் திறந்தாள், மூடினாள். யாரையும் பார்க்காமல் தன் கடைக்குள் போய் உட்கார்ந்து, "ஜெனிட்டா, உன் சாப்பாட்டுல பாதி எனக்குத் தாரியாம்மா?" என்றாள். முழுசாக ஒரு வாக்கியம் அவள் வலிக்கு நிறுத்தாமல் பேசிக் கேட்டு மாசக்கணக்காகியிருந்தது.

ஜெனிட்டா தன் டிபன் கேரியரை அப்படியே கொண்டுபோய் வைத்தாள். அக்கா சோற்றைப் பிசைந்தாள், சாம்பாரும் கத்தரிக்காய்ப் பொரியலும். ஒரு வாய் வைத்து மென்றாள். நாங்கள் எல்லாரும் கன்னத்தைப் பிடித்தோம். அடுத்த வாய். மறுபடி பிடித்தோம். சாப்பாட்டு நேரம் ஆகி வெகுநேரம் தாண்டிவிட்டது, வீடுகளிலிருந்து போன் மேல் போன், வயிறு வேறு எரிந்தது. ஆனால் ஒருத்தர் ரோட்டில் கால் வைத்தால் அந்தப் பங்கு மற்றவர்கள் மேல் ஏறும், அவள் மேலும் ஏறும், பாதிச் சோற்றில் கை நின்றுவிடும். அதனால் ஷட்டர் கம்பியைக் கையில் பிடித்தபடி ஆளுக்கொரு வாசலில் நின்றோம், யாரும் இறக்கவில்லை. ஆடிட்டர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வலித்த வாயைத் திறக்காமலே, "முடிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டார்.

பகவதியக்கா விரலை ஒவ்வொன்றாக நக்கினாள். அடுத்த கிண்ணத்தைத் திறந்தாள்.

"இருங்க" என்றாள். "இன்னும் மோர்ச்சோறு இருக்கு."